இனிப்பு ஒயின் வாங்கும் முன்: சர்க்கரையை விடுங்கள், புளிப்பைப் பாருங்கள்

விசேஷ நாளுக்கு நல்ல இனிப்பு ஒயின் ஒன்று எடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எது ரொம்ப இனிப்பாக இருக்கும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. டெசர்ட் ஒயின் என்ற பெயரில் வரும் எதிலும் இனிப்புக்குப் பஞ்சம் கிடையாது. தேடிப் பார்த்து வாங்க வேண்டியது புளிப்பைத்தான். புளிப்பு இல்லாத இனிப்பு ஒயின் முதல் வாய்க்கு அருமையாக இருக்கும், மூன்றாவது வாயில் திகட்டிவிடும், பாதி கிளாஸ் அப்படியே மேசையில் நின்றுவிடும். புளிப்பு சரியாக உள்ள ஒயினோ நாக்கில் நன்றாகத் தித்தித்துவிட்டு, விழுங்கிய மறுகணம் வாயைத் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக்கிவிடும், கை தானாக மறுபடி கிளாஸைத் தேடும்.

அதனால் இங்கே நான் நல்லது, சுமார் என்று சொல்வதெல்லாம் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான். விசேஷ நாளில் இந்த பாட்டிலைத் திறப்பது சாப்பாடு முடிந்து, வயிறு நிறைந்து, பேச்சு நீண்டுகொண்டிருக்கும் நேரத்தில். அந்த நேரத்தில் கனமான தித்திப்பு யாருக்கும் இறங்காது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் ஹங்கேரியின் டோக்காயி அசூ வாங்குங்கள். போத்ரோக், டிசா என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தை ஒட்டிய மலைச்சரிவுகளில் விளையும் திராட்சை இது. இலையுதிர் காலத்து மூடுபனியில் பழத்தின் மேல் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை படரும், தோல் இளகி உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும், பழம் உலர்திராட்சை மாதிரி சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி எடுத்து, நொதிக்கிற சாற்றிலோ புது ஒயினிலோ ஊறவைத்துப் பிழிகிறார்கள். முன்பெல்லாம் ஒரு பீப்பாய்க்கு எத்தனை கூடை அசூ பழம் போட்டார்கள் என்பதை வைத்துத்தான் புட்டோன்யோஷ் எண்ணிக்கை சொன்னார்கள். இப்போது அது சர்க்கரை அளவுக்கான குறியீடு, அவ்வளவுதான். 2013-இல் விதிகளை மாற்றி 3, 4 புட்டோன்யோஷை எடுத்துவிட்டார்கள். இன்றைய விதிப்படி 5 என்றால் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை, 6 என்றால் 150 கிராம்.

எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஃபுர்மின்ட் என்ற திராட்சைதான் இதில் பிரதானம், அதன் புளிப்பு லேசுப்பட்டது இல்லை. கிளாஸில் ஊற்றினால் பழைய தங்க நிறம், மூக்குப் பக்கம் கொண்டு போனதும் ஆப்ரிகாட் ஜாம், ஆரஞ்சுத் தோல், கொஞ்சம் தேன், அதற்கு அடியில் தேயிலை மாதிரி ஒரு வாசம். வாயில் முதலில் தேன்தான் தெரியும். இரண்டு நொடி கழித்து நாக்கின் இரு ஓரங்களிலும் புளிப்பு சுரீரென்று ஏறும், எச்சில் ஊறும், அதோடு தித்திப்பின் கனம் எங்கே போனது என்றே தெரியாது. வாசம் மட்டும் ரொம்ப நேரம் நிற்கும். ராயல் டோக்காயி நிறுவனத்தின் 5 புட்டோன்யோஷ் பல ஊர்களில் கிடைக்கிறது, தாராளமாக நம்பி வாங்கலாம். டிஸ்நோக்கோ கிடைத்தால் அதை இன்னும் ஒரு படி மேலே வைப்பேன், அதில் பழச்சுவை அவ்வளவு துல்லியம். பாட்டில் 500 மி.லி. என்பதும் வசதி, எட்டு பேர் கூடும் மேசைக்குச் சரியாக வரும்.

எசென்சியா என்று ஒன்று உண்டு. அசூ பழங்களைப் பிழியாமல் அப்படியே குவித்து வைத்தால் தன் கனத்திலேயே சொட்டும் சாறு அது. லிட்டருக்குக் குறைந்தது 450 கிராம் சர்க்கரை, ஆல்கஹால் மிக மிகக் குறைவு, ஸ்பூனில் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு ஸ்பூன் கிடைத்தால் கண்டிப்பாகச் சுவைத்துப் பாருங்கள், ஆனால் ஒரு கூட்டத்துக்கு ஊற்றிக் கொடுக்கும் பானம் இல்லை. கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் அதே ஊரின் லேட் ஹார்வெஸ்ட் (தாமதமாக அறுத்த பழத்தில் செய்தது) பாட்டில் எடுங்கள், அல்லது அசூ பழத்தைத் தனியாகப் பொறுக்காமல் முழுக் குலையோடு செய்யும் சமோரோட்னி. சமோரோட்னி வாங்கும்போது மட்டும் லேபிளில் ஏதெஷ் (இனிப்பு) என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாராஸ் என்று இருந்தால் அது துளியும் இனிக்காது, இரண்டும் பெரும்பாலும் ஒரே அலமாரியில்தான் நிற்கும்.

அடுத்தது சொத்தேர்ன். இனிப்பு ஒயின் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் இதுதான், அந்தப் பெயருக்குத் தகுதியும் உண்டு. பிரான்ஸில் போர்தோவுக்குத் தெற்கே சிரோன் என்ற சின்ன ஆற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் வந்து கலக்கிற இடத்தில் காலையில் பனிமூட்டம் எழும், மதியம் வெயில் அடித்து அதைக் கலைத்துவிடும். பூஞ்சை நல்ல விதமாகப் படர இந்த இரண்டும் வேண்டும். வெறும் ஈரம் மட்டும் இருந்தால் பழம் அழுகிப் போகும். ஒரே தோட்டத்தில் வாரக் கணக்கில் பல முறை நடந்து, அன்றன்றைக்குப் பதமான பழத்தை மட்டும் வெட்டுகிறார்கள். 1855-ஆம் ஆண்டு தரப் பட்டியலில் ஷாட்டோ டிக்கெம் ஒன்றுக்கு மட்டும் தனி உயர்நிலை கொடுத்தார்கள், அந்தத் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும் என்பார்கள். பழம் திருப்தியாக இல்லை என்று 2012-இல் அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட அவர்கள் வெளியிடவில்லை. எனக்கு அதன் சுவையைவிட இந்தப் பிடிவாதத்தின் மேல்தான் மரியாதை அதிகம்.

சரி, விசேஷத்துக்கு வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கொஞ்சம் பார்த்து. சொத்தேர்னில் செமியோன் திராட்சைதான் பெரும்பங்கு, அது கொழுகொழுவென்று எண்ணெய்ப் பதத்தில் இருக்கும், டோக்காயி அளவுக்குப் புளிப்பு இருக்காது. வெயில் அதிகமான வருடத்துச் சரக்கு சில நேரம் கனத்துவிடும். அதனால் நான் பக்கத்து பார்சாக் பாட்டில்களையே தேடுவேன், அங்கே சுண்ணாம்பு மண், ஒயினில் ஒரு சுறுசுறுப்பு தெரியும். ஷாட்டோ கிளிமான்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். பெரிய தோட்டங்கள் தங்கள் முதன்மை ஒயினுக்கு அடுத்தபடியாக வேறு பெயரில் விடும் இரண்டாம் ஒயின்களும் நல்ல தேர்வு, ஷாட்டோ சுதுய்ரோவின் காஸ்தெல்னோ மாதிரி. அதே கை, அதே மண், விலை மட்டும் இறங்கி வரும். இதோடு ரோக்ஃபோர் மாதிரி உப்பான நீலச் சீஸ் ஒரு சின்னத் துண்டு வைத்துப் பாருங்கள், உப்பு போய் அந்தத் தித்திப்பைப் பிடித்து நிறுத்தும் அழகே தனி. இனிப்புப் பலகாரமே வேண்டாம், இந்த ஒயினும் சீஸும் போதும் என்று ஒரு விருந்தை முடித்தால் நான் கை தட்டுவேன்.

ஒரு எச்சரிக்கை. சொத்தேர்ன் பெரும்பாலும் நிறமில்லாத தெளிந்த கண்ணாடியில் வருகிறது, அந்தத் தங்க நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக. வெளிச்சம் ஒயினைக் கெடுக்கும். கடையில் கண்ணைப் பறிக்கும் விளக்குக்கு அடியில் நிற்க வைத்திருக்கும் பாட்டிலை எடுக்காதீர்கள், உள்ளே அட்டைப் பெட்டியில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஐஸ்வைனுக்கு ரசிகர்கள் அதிகம், பரிசாகக் கொடுக்கவும் நிறைய பேர் வாங்குகிறார்கள், அந்த ஒல்லியான உயர்ந்த பாட்டிலும் பார்க்க அழகாகவே இருக்கும். கொடியிலேயே பழம் உறைய வேண்டும், கனடாவில் மைனஸ் 8 டிகிரி, ஜெர்மனியில் மைனஸ் 7 டிகிரி வரை குளிர் இறங்கினால்தான் பறிக்கலாம். இரவிலோ விடியற்காலையிலோ பறித்து, உறைந்த நிலையிலேயே பிழிவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே தங்கிவிடும், சர்க்கரையும் புளிப்பும் செறிந்த சாறு மட்டும் சொட்டும். குளிர் வராவிட்டால் அந்த வருடம் ஒயினே கிடையாது, 2019 அறுவடைக்கு ஜெர்மனியில் ஏறக்குறைய அதுதான் நடந்தது. கனடாவின் இன்னிஸ்கிலின் நிறுவனம் விடால் திராட்சையில் செய்த 1989 ஐஸ்வைன் 1991-இல் வினெக்ஸ்போ ஒயின் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கிய பிறகுதான் உலகம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

சுவை? பூஞ்சை இல்லாததால் தேன், தேயிலை வாசமெல்லாம் இருக்காது, பழம் மட்டும்தான், பளிச்சென்று. விடாலில் அன்னாசியும் மாம்பழமும், ரீஸ்லிங்கில் எலுமிச்சையும் பீச்சும். எனக்கு ரீஸ்லிங்தான் பிடிக்கும், அதன் புளிப்புக்குக் கூர்மை அதிகம். விடால் சிலருக்கு இரண்டாவது கிளாஸில் திகட்டும். கேபர்னே ஃபிராங்க் திராட்சையில் செய்த சிவப்பு ஐஸ்வைன் பார்க்கத்தான் அழகு, வாயில் ஸ்ட்ராபெரி ஜாமைத் தாண்டி ஒன்றும் பெரிதாக இல்லை. அப்புறம், பறித்த பழத்தை ஃபிரீசரில் உறைய வைத்துச் செய்யும் சரக்கும் இதே சாயலில் பெயர் போட்டுக்கொண்டு சந்தைக்கு வருகிறது. ஊர், விளைந்த இடம், திராட்சையின் பெயர், அறுவடை ஆண்டு எல்லாம் லேபிளில் தெளிவாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

இத்தனை செறிவு வேண்டாம், கூட்டம் பெரிது, வயதானவர்களும் ஒயின் பழக்கமே இல்லாதவர்களும் கலந்து உட்காருவார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மொஸ்காட்டோ தாஸ்தி வாங்குங்கள். இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில் வருவது, ஆல்கஹால் 5 சதவீதம் பக்கம்தான், மெல்லிய நுரை, வெள்ளைப் பூக்களும் பீச்சும் கலந்த வாசம். நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிரவைத்து நிறுத்திவிடுவதால் திராட்சையின் சொந்தச் சர்க்கரை நிறைய மிஞ்சுகிறது, நுரை அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. பழத் தட்டு, மெத்தென்ற கேக், கிரீம், எதற்கும் ஒத்துப்போகும். இதில் ஒரே நிபந்தனை, புதிதாக இருக்க வேண்டும். போன அறுவடை, இல்லாவிட்டால் அதற்கு முந்தியது, அவ்வளவுதான். பழைய வருடத்தைத் தள்ளுபடியில் தந்தாலும் வேண்டாம், வாசம் மங்கிப் போயிருக்கும், மிஞ்சுவது வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

கேக் வெட்டும்போது ஷாம்பெயின் திறப்பது பற்றியும் ஒரு வார்த்தை. புரூட் என்ற இனிப்புக் குறைந்த ஷாம்பெயினை இனிப்பான கேக்கோடு குடித்தால் ஷாம்பெயின் பச்சைக் காய் மாதிரி துவர்த்துப் புளிக்கும், குற்றம் ஒயினுடையது இல்லை. எக்ஸ்ட்ரா டிரை என்று எழுதியிருப்பதை இனிப்பே இல்லாதது என்று நினைக்கிறார்கள், உண்மையில் அது புரூட்டைவிட ஒரு பிடி இனிப்பு, லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை, கேக்குக்கு அதுவும் போதாது. தெமி-செக் என்று தேடுங்கள், அது 32 முதல் 50 கிராம் வரை. இதிலிருந்து எல்லா இனிப்பு ஒயினுக்கும் பொருந்தும் ஒரு விதியும் வருகிறது: தட்டில் இருக்கும் பலகாரத்தைவிட கிளாஸில் இருப்பது கொஞ்சமாவது கூடுதலாக இனிக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகாரம் ஒயினின் இனிப்பை விழுங்கிவிடும்.

சாக்லேட் வந்தால் கதை வேறு. மேலே சொன்ன வெள்ளைத் திராட்சை ஒயின்கள் எதுவும் கறுத்த சாக்லேட்டின் கசப்புக்கு முன்னால் நிற்காது, டோக்காயிகூட. அங்கே போர்த்துகலின் போர்ட் வேண்டும். டூரோ பள்ளத்தாக்கில் திராட்சைச் சாறு பாதி நொதித்த நேரத்தில் 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பதை நிறுத்துகிறார்கள். அதனால் இனிப்பும் தங்கும், ஆல்கஹாலும் 20 சதவீதத்தைத் தொடும். சாக்லேட்டுக்கு எல்.பி.வி. (லேட் பாட்டில்டு வின்டேஜ்) என்ற வகையே போதும், ஒரே வருடத்து ஒயினை 4 முதல் 6 வருடம் மரத்தில் வைத்து பாட்டிலில் அடைப்பது. கறுத்த பழங்களும் லேசான துவர்ப்பும் இருக்கும், அந்தத் துவர்ப்புதான் இங்கே புளிப்பின் வேலையைச் செய்கிறது.

வின்டேஜ் போர்ட், அதாவது சிறந்த ஒரே வருடத்து அறுவடையில் செய்து பாட்டிலிலேயே முதிரும் வகை, கிடைத்தால் அது வேறு உயரம், ஆனால் வேலை வாங்கும். முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும், அடியில் வண்டல் இறங்கட்டும். திறக்கும்போது பழைய கார்க் பொடிந்து உதிரலாம், மெதுவாக இழுங்கள். பிறகு கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, கையை ஆட்டாமல் ஒரே சீராக ஜாடிக்குள் சரியுங்கள். முதலில் மாணிக்கம் மாதிரி தெளிவாக ஓடும், கடைசியில் கழுத்துப் பக்கம் புகை மாதிரி ஒரு கறுப்பு நகர்ந்து வருவது தெரியும், அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். அடியில் தங்கும் கொஞ்சத்தை விட்டுவிடுங்கள், வாயில் மணல் மாதிரி நெறுநெறுக்கும். வீட்டில் ஆள் வந்துகொண்டே இருக்கும் நாளில் இதற்குப் பொறுமை இருக்குமா என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மரப் பீப்பாயிலேயே முதிர்ந்த டானி போர்ட்டில் 20 வருடம் எடுங்கள், வண்டல் கிடையாது, திறந்து அப்படியே ஊற்றலாம். வறுத்த பருப்பு, காரமெல், உலர்ந்த ஆரஞ்சு, பொறுமையான ஒயின். லேசாகக் குளிர்வித்துக் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும், இதை ஏனோ பலர் செய்வதே இல்லை.

ஸ்பெயினின் பெட்ரோ ஹிமேனஸ் ஷெர்ரியைப் பற்றி ஒன்றே ஒன்று. வெயிலில் உலர்த்திய பழத்தில் செய்வது, நிறம் கறுப்பு, லிட்டருக்கு 300, 400 கிராம் சர்க்கரையெல்லாம் சாதாரணம், புளிப்பு கிட்டத்தட்ட இல்லை. நான் முதலில் சொன்ன கணக்குப்படி இது தோற்க வேண்டும், கிளாஸில் தோற்கவும் செய்கிறது. ஆனால் வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு கரண்டி ஊற்றுங்கள், அப்புறம் வேறு சாஸ் தேட மாட்டீர்கள்.

மதேரா. இதை ஏன் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். அட்லாண்டிக் தீவில் செய்து, வேண்டுமென்றே பல வருடம் சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்தும் ஒயின். மால்ம்சி, போவால் இரண்டும் இனிப்பு வகைகள், அந்த இனிப்புக்குள்ளே கத்தி மாதிரி ஒரு புளிப்பு ஓடும். காரமெல், காபி, பருப்பு வகைப் பலகாரங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. பிளாண்டிஸ் 10 வருட மால்ம்சி வாங்கிப் பாருங்கள். சூட்டையும் காற்றையும் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் திறந்த பாட்டில் மாதக் கணக்கில் கெடாமல் நிற்கும்.

திறந்த பாட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது, உணவகத்தில் கிளாஸ் கணக்கில் இனிப்பு ஒயின் வாங்குவதாக இருந்தால் எப்போது திறந்தது என்று கேட்டுவிடுங்கள். ஒரு நல்ல பெயருள்ள இடத்தில் எனக்குக் கொடுத்த சொத்தேர்ன் வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி பழுத்துப்போன வாசத்தோடு வந்தது. திருப்பிக் கொடுத்தபோது "இனிப்பு ஒயின் கெடாது" என்று பதில் சொன்னார்கள். கெடும். சொத்தேர்னும் டோக்காயியும் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் போல நன்றாக இருக்கும். மொஸ்காட்டோ மறுநாளே நுரை இழந்துவிடும், வின்டேஜ் போர்ட் இரண்டு நாள் தாங்கினால் அதிகம், டானி சில வாரம் நிற்கும்.

அளவைப் பொறுத்தவரை ஒரு ஆளுக்கு 60, 70 மி.லி. போதும், அதனால் 375 மி.லி. பாட்டில் ஐந்தாறு பேருக்கு வரும். பெரிய பாட்டில் வாங்கி மிச்சம் வைப்பதைவிடச் சின்ன பாட்டிலில் ஒரு படி நல்லதாக வாங்குவதே என் கட்சி. கட்டை விரல் நீளக் குட்டி கிளாஸில் ஊற்றாதீர்கள், சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றினால்தான் வாசம் எழ இடம் இருக்கும். மொஸ்காட்டோ நல்ல குளிர்ச்சியாக 6, 8 டிகிரி, சொத்தேர்னும் டோக்காயியும் 10 டிகிரி பக்கம். அதற்குக் கீழே போனால் வாசம் அடைபட்டுவிடும், ரொம்ப மேலே போனால் சர்க்கரைதான் முன்னால் நிற்கும். வண்டி ஓட்டிப் போகிறவர்கள் யார் என்று பார்த்து, போர்ட்டையும் மதேராவையும் அவர்களுக்கு ஊற்றாதீர்கள். இனிப்பு மறைத்துவிடுவதால் 20 சதவீதம் நாக்குக்குத் தெரியவே தெரியாது.

பிறந்த வருடம், கல்யாணம் ஆன வருடம் போட்ட பாட்டிலைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு என் பதில் கொல்ஹெய்ட்டா. ஒரே அறுவடை வருடத்து டானி போர்ட், குறைந்தது 7 வருடம் மரத்தில் இருந்தாக வேண்டும், பல நிறுவனங்கள் பத்து இருபது முப்பது வருடம் வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுவார்கள். கோப்கே, நீப்போர்ட் இரண்டும் இதில் கெட்டிக்காரர்கள். வின்டேஜ் போர்ட் எல்லா வருடமும் அறிவிக்க மாட்டார்கள், அதனால் நீங்கள் தேடும் வருடம் அதில் இல்லாமலே போகலாம், கொல்ஹெய்ட்டாவில் கிடைக்க வாய்ப்பு அதிகம். லேபிளில் இரண்டு வருடம் இருக்கும், ஒன்று அறுவடை, இன்னொன்று பாட்டிலில் அடைத்தது. இரண்டாவதையும் பார்த்து வாங்குங்கள். இந்த ஒயின் முதிர்வது மரத்தில்தான், பாட்டிலுக்குள் வந்த பிறகு பெரிதாக மேம்படாது, ஆகவே ஒரே அறுவடை வருடத்தில் இரண்டு பாட்டில் முன்னால் இருந்தால் சமீபத்தில் அடைத்ததையே எடுங்கள்.